என்ர பேரில ஒரு புலம்பல்

நெடுந்தீவு கிழக்கு
14.07.2025

கஜானிக்கு,

பெரியம்மா எழுதுறன். நான் சுகமா எண்டு நீ கேட்க வேண்டாம். உன்ர சுகத்தை விசாரிக்க நானும் இண்டைக்கு வரேல்லை.

நீ எடுத்த ஃபோன் ஒண்டுக்கும் நான் பதில் சொல்லேல்லை. இனியும் சொல்லமாட்டன். காரணத்தை எழுதுறன், ஆறுதலா இருந்து வாசி. அஞ்சாம் வகுப்போட நிண்டவளின்ர எழுத்து, வளைஞ்சு நெளிஞ்சுதான் வரும்.

போன கிழமை மடத்துவெளிக்குப் போனனான். எங்கட யோகம்மா மச்சாளின்ர மனுசன் குலசிங்கத்தாரின்ர முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. சாப்பாடு முடிய அவற்ற நினைவுக்கு அச்சடிச்ச கல்வெட்டுப் புத்தகம் குடுத்தவை. நல்ல மினுங்கல் தாள். முன்னுக்கு அவற்ற படம், உள்ளுக்கு வழமை போல மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல். நான் ஒரு கதிரையை நிழலுக்கு இழுத்துப் போட்டிட்டு மச்சாளின்ர புலம்பலை ஒவ்வொரு சொல்லாத் தடவித் தடவி வாசிச்சன்.

"கைகழுவும் நீரைக்கூடக் கன்றுக்கு வார்த்தவரே" எண்டு கிடக்குது.

பிள்ளை, திரும்ப ஒருக்கா வாசிச்சன். அது எங்கட வீட்டு வரி. மாசியில பெரியப்பாவின்ர கல்வெட்டில என்ர பேருக்குக் கீழ அச்சடிச்ச வரி. எழுத்து மாறாமல் அப்பிடியே.

பெரியப்பா தண்ணி பவுசர் லொறி ஓடினவர். ஊருக்கெல்லாம் நல்ல தண்ணி கொண்டுபோய் ஊத்தின மனுசன் தன்ர கை கழுவின தண்ணியைச் சும்மா நிலத்தில விடமாட்டார். சாப்பிட்டிட்டு எச்சில் கையோட குசினிக்குப் பின்னால நடந்துபோய்க் கறிவேப்பிலைக் கண்டடியிலதான் கழுவுவார். மழைக்கும் அங்கதான். "வானமே ஊத்துது, உங்கட கைத்தண்ணிக்கே அது காவலிருக்கு" எண்டு நான் பேசுவன். உனக்கும் தெரியும், நீயும் சிரிச்சிருக்கிறாய்.

குலசிங்கத்தார் ஆர்? தெற்கில கடை வைச்சு ஆண்ட மனுசன். அவர் கை கழுவச் செம்பு தூக்கிக்கொண்டு ஒருத்தர் பக்கத்தில நிக்க வேணும். அவரெங்க, கண்டுக்குத் தண்ணி விடுறதெங்க?

புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தன். பின் அட்டையில நீ வேலை செய்யிற கொம்பனியின்ர பேர்.

மாசியில எங்கட புத்தகத்தை என்ர கையில தந்திட்டு "நான் எழுதினனான் பெரியம்மா" எண்டு சொன்னாய். நான் உன்ர தலையைத் தடவினனான். இப்ப கேட்கிறன். எங்கட ஆளை வெட்டி எடுத்து இன்னொருத்தரில ஒட்டினது ஆர்?

பதிலை உன்ர கையால எழுது. ரைப் அடிச்சு அனுப்பினால் ஆர் எழுதினதெண்டு எனக்குத் தெரியாது.

இரஞ்சிதம் பெரியம்மா


வெள்ளவத்தை, கொழும்பு
23.07.2025

அன்பிற்கினிய பெரியம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கண்டேன். அதில் வெளிப்பட்ட தங்கள் வேதனை என்னை ஆழமாகப் பாதித்தது. அன்புக்குரியவரை இழந்த வலியை எந்தச் சொற்களாலும் ஈடுசெய்ய இயலாது என்பதை நான் முழுமையாக உணர்கிறேன். தங்கள் உணர்வுகள் முற்றிலும் நியாயமானவை.

நினைவு மலர்களைத் தயாரிக்கும்போது சில வரிகள் பொதுவான தன்மையில் அமைவது தவிர்க்க முடியாதது. அன்பும் கருணையும் எல்லா நல்ல உள்ளங்களுக்கும் உரியவை அல்லவா? எனினும் இதனால் தங்கள் மனம் புண்பட்டிருந்தால் அதற்காக என் மனமார்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

பெரியப்பாவின் நினைவுகள் என்றென்றும் நம்முடன் வாழும். தங்கள் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

என்றும் அன்புடன்,
கஜானி


நெடுந்தீவு கிழக்கு
04.08.2025

கஜானிக்கு,

கடிதம் வந்தது. எழுத்து உன்ரதான், அதில சந்தேகமில்லை. சொல்லு உன்ரயில்லை. எங்கயோ பார்த்து எழுதியிருக்கிறாய்.

உன்னை எனக்குத் தெரியாதே? உன்ர அம்மா யாழ்ப்பாணத்தில ஆசுப்பத்திரியில கிடந்த காலம் எல்லாம் என்ர கையால சாப்பிட்டு வளர்ந்தவள் நீ. முட்டையைப் போட்டு உடைச்சிட்டு "கோழி பிழையா இட்டிட்டுது பெரியம்மா" எண்டு சொன்னவள். பிழை செய்தால் உனக்கு மூக்கு வேர்க்கும், கதை தடுமாறும், பிறகு அழுவாய். இந்தக் கடிதத்துக்கு ஒரு இடத்திலயும் மூக்கு வேர்க்கேல்லை. "தங்கள் உணர்வுகள் நியாயமானவை" எண்டு சொல்ல நீ என்ன, ஊர் விதானையாரே?

மேரிஜோசப்பின் ரீச்சரிட்டக் காட்டினன். இஞ்ச பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறவ, உனக்கும் தெரிஞ்ச ஆள்தான். வாசிச்சிட்டுச் சிரிச்சா. "அக்கா, இது மிஷின் எழுதினது. இப்ப பிள்ளையள் வேலைக்கு மனுப் போடுறதும் இதாலதான், காதல் கடிதமும் இதாலதான்" எண்டா. அப்ப கல்வெட்டும் அதுதானோ எண்டு கேட்டன். அவ கடிதத்தை மடிச்சுத் திருப்பித் தந்தா. எனக்கு விளங்கிச்சு.

சரி. கண்டுக்குத் தண்ணி விட்ட கதை களவு போனது. அதை விடு. அதைவிடப் பெரிசு ஒண்டு இருக்கு. உனக்குச் சொல்லாமல் வைச்சிருந்தனான், ஏனெண்டு வாயால சொல்லப் பயம். எழுதினால் பயம் கொஞ்சம் குறையும் போல கிடக்கு.

அந்தக் கல்வெட்டில அடுத்த வரி உனக்கு ஞாபகமா? "பொய்யறியாப் புன்னகையால் பேர்சொல்லி அழைத்தவரே."

பெரியப்பா என்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கலியாணம் கட்டின நாளில இருந்து கண்ணை மூடின நாள் மட்டும் ஒருக்காலும் இல்லை. எங்கட ஆக்கள் ஆர்தான் பெஞ்சாதியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவை? அவர் வேற ஒரு மாதிரிக் கூப்பிடுவார். அது அவருக்கும் எனக்கும்.

மாசியில அவற்ற அந்தியேட்டிக்கு வந்த பொம்பிளையள் அந்த வரியைப் பலமா வாசிச்சு வாசிச்சு அழுதவை. "உன்னைப் பேர் சொல்லியெல்லோ கூப்பிட்டிருக்கிறார், குடுத்து வைச்சவள்" எண்டு என்ர கையைப் பிடிச்சவை. நானும் ஓம் எண்டு தலையாட்டினன். ஏன் ஆட்டினனோ தெரியேல்லை. அந்த நேரம் அது நல்லா இருந்தது.

சித்திரை வெயிலோட தொடங்கினது பிள்ளை. மத்தியானம் மாட்டுக்குத் தண்ணி அள்ளக் கிணத்தடிக்குப் போனால் கல்வேலிக்கு அங்கால நிண்டு ஒரு குரல் கூப்பிடுது. "ரஞ்சிதம்." அவற்ற குரல்தான். தொண்டையில ஒரு கரகரப்பு இருக்குமே, அதுவும் இருக்கு. ஆனா அவர் இல்லை. அவர் அப்பிடிக் கூப்பிடமாட்டார்.

நான் பதில் சொல்லுறதில்லை. வாளியை அப்பிடியே விட்டிட்டு உள்ளுக்கு வந்திடுவன்.

என்ர பயம் பேய்க்கில்லை. இந்தக் குரல் வர வர, அவர் உண்மையாக் கூப்பிட்ட குரல் தூரமாப் போகுது. முந்திக் கண்ணை மூடினால் உடன கேட்கும். இப்ப கன நேரம் இருந்து தேட வேண்டிக் கிடக்கு. மனுசன் ஒருக்காப் போனது காணாதே? உங்கட மிஷின் அவரை இரண்டாந்தரமும் கொண்டு போகுதே.

மூக்கு வேர்த்துக்கொண்டு எழுது.

பெரியம்மா


வெள்ளவத்தை
12.08.2025

பெரியம்மா,

ஓம். பார்த்து எழுதினதுதான். உங்கட கடிதத்தைப் படம் எடுத்து ஏஐ மிஷினுக்குப் போட்டு "இதுக்குப் பணிவா ஒரு பதில் எழுது" எண்டு தட்டினன். வந்ததைக் கொப்பியில பார்த்து எழுதினன். எழுதேக்கயே வெக்கமா இருந்தது. எண்டாலும் அனுப்பினன். என்ர சொல்லில எழுதத் தொடங்கினால் எல்லாத்தையும் சொல்ல வேண்டி வந்திடும் எண்டு பயந்தன்.

இது நான்தான் எழுதுறன். வெட்டிக் கொத்திக் கிடக்கிறதைப் பார்க்கத் தெரியும்.

பட்டம் எடுத்து முடிச்ச பிறகு நான் போட்ட மனுக்களுக்குக் கணக்கில்லை. ஒரு பதிலும் வரேல்லை. என்ர இங்கிலிஸ் உங்களுக்குத் தெரியும்தானே. கூடப் படிச்ச நிலாந்தி சொல்லித்தான் ஏஐயை வைச்சு எழுதத் தொடங்கினன். என்னைப் பற்றி நானே நம்பாத அளவுக்கு அழகா எழுதித் தந்தது. யாழ்ப்பாணத்தில ஒரு நேர்முகத்தில கேள்வி கேட்ட அம்மா என்ர கடிதத்தை இன்னொரு பிள்ளை போட்ட கடிதத்தோட சேர்த்து வைச்சுக் காட்டினா. முதல் பந்தி இரண்டிலயும் ஒண்டு. "இதில நீர் எது?" எண்டு கேட்டா. பக்கத்தில இருந்தவர் சிரிச்சார். நான் எழும்பி வந்திட்டன்.

அதுக்குப் பிறகுதான் இந்தக் கொம்பனி. வெளிநாட்டில இருக்கிற எங்கட ஆக்களுக்கு மரண அறிவித்தல், கல்வெட்டு எல்லாம் செய்து குடுக்கிற இடம். முதலாளி வாகீசன் அண்ணை "கடிதம் வேண்டாம், நீர் எழுதினது ஏதும் இருந்தால் காட்டும்" எண்டார். என்னட்ட என்ன இருந்தது? பெரியப்பாவின்ர கல்வெட்டு பையில இருந்தது. குடுத்தன். அவர் உங்கட புலம்பலை வாசிச்சிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழட்டினார். நான் குடுத்த ஒண்டை ஒருத்தர் கடைசி வரை வாசிச்சது அண்டைக்குத்தான் பெரியம்மா. "எப்பிடி எழுதினீர்?" எண்டு கேட்டார். சொன்னன்.

உங்களுக்குத்தான் சொல்லேல்லை.

செத்த வீட்டில நீங்கள் பெரியப்பாவின்ர காலடியில இருந்து அழுதீங்கள். நான் தூணோட நிண்டு ஃபோனில அதைப் பதிஞ்சனான். வேலைக்கு எண்டு பதியேல்லை. சத்தியம். அப்பிடி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை, அது போயிடக் கூடாதெண்டு பதிஞ்சன். பிறகு அந்தியேட்டிக்குப் புலம்பல் எழுதச் சொல்லி எல்லாரும் என்னட்டத்தான் விட்டவை. தமிழ் படிச்ச பிள்ளை எண்டு. தாளை வைச்சுக்கொண்டு இரண்டு நாள் இருந்தன். ஒண்டும் வரேல்லை. அந்தப் பதிவை ஏஐக்குக் குடுத்து "இதை மனைவி புலம்பலாப் பாட்டில எழுது" எண்டன். எழுதித் தந்தது. நான் செய்த வேலை அந்த ஒரு வரி தட்டினது மட்டும்தான்.

கொம்பனியில இப்ப எல்லாக் கல்வெட்டுக்கும் உங்கட புலம்பல்தான் அடிப்படை. செத்தவரின்ர பேர், ஊர், தொழிலைப் போட்டால் அது மாத்தித் தரும். குலசிங்கம் மாமாவுக்கு மாத்தேக்க கண்டுக்குத் தண்ணி விட்ட வரி மாறாமல் நிண்டிருக்கு. நான் பார்க்கத் தவறினன்.

திருப்பி எடுக்கச் சொல்லுவீங்கள். தேத்தண்ணியில கரைச்ச சீனி மாதிரி அது. எங்க கிடக்கெண்டே எனக்குத் தெரியாது.

கஜானி


நெடுந்தீவு கிழக்கு
29.08.2025

கஜானி,

இந்தக் கடிதம் வேர்த்திருக்கு. சரி.

கோவம் போகேல்லை. எண்டாலும் "இதில நீர் எது" எண்டு கேட்டுச் சிரிச்சவையை நினைக்க எனக்கு அவையிலயும் கோவம் வருது. வேலை குடுக்காட்டி விடட்டும். ஏன் சிரிக்க வேணும்?

உன்ர கடிதம் கிடைச்ச கையோட மச்சாளிட்ட உண்மையைச் சொல்லிப்போட வேணும் எண்டு வெளிக்கிட்டன். காலமை வள்ளத்தில குறிகட்டுவானுக்குப் போய், அங்க இருந்து பஸ்ஸில மடத்துவெளி. வழி முழுக்கச் சொல்லவேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தன்.

மச்சாள் வீட்டு முத்தத்தில பாய் போட்டுப் புளி உடைச்சுக்கொண்டு இருந்தா. நான் கேட்டன், "மச்சாள், அண்ணை கை கழுவின தண்ணியைக் கண்டுக்கு விடுறவரோ?"

"ஓமடி. அந்தத் தேசிக்காய்க் கண்டுக்குத்தான். பார், எப்பிடிக் காய்ச்சுக் கிடக்குது" எண்டா.

"எப்ப விட்டவர்? அவருக்கு நீங்களெல்லோ செம்பும் தண்ணியும் கொண்டு போறனீங்கள்?"

"கொண்டு போவன். எண்டாலும் ஒவ்வொரு நேரம் தானா எழும்பிப் போவார். கல்வெட்டில வாசிச்ச பிறகுதான் எனக்கே ஞாபகம் வந்தது. லண்டனில இருந்து நிலக்ஷன் ஃபோன் எடுத்து 'அப்பா அப்பிடியாம்மா, எனக்குத் தெரியாமல் போச்சே' எண்டு விம்மி விம்மி அழுதவன். தேப்பனோட அவன் கதைச்சு எத்தினை வருசம். அந்த ஒரு வரிதான் பிள்ளையைக் கதைக்க வைச்சது."

நான் அவவை நிமிர்ந்து பார்த்தன். அவவின்ர கண்ணில பொய் இல்லை. அவ உண்மையாவே அதைக் காணுறா. குலசிங்கத்தார் எச்சில் கையோட அந்தத் தேசியடிக்கு நடந்து போறதை அவ காணுறா. அது என்ர மனுசன் மச்சாள், என்ர மனுசன் உன்ர முத்தத்தில நடக்கிறார் எண்டு வாயில வந்தது. புளியங்கொட்டையைப் பொறுக்கிக் குடுத்துக்கொண்டு இருந்திட்டு வந்திட்டன்.

அந்த வரியை அவவுக்கே விட்டிட்டன். அதைப் பற்றி நீயும் வாய் திறவாதை.

வள்ளத்தில திரும்பி வரேக்க எனக்கு வேற ஒரு பயம் பிடிச்சது. அவவுக்கு நடந்தது எனக்கும் நடக்குமோ? இன்னும் கொஞ்சக் காலத்தில ஆராவது கேட்க, "ஓமடி, பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்" எண்டு நானும் சொல்லுவனோ? அண்டைக்கே தலையாட்டினவள்தானே நான்.

நேற்றும் அந்தக் குரல் கூப்பிட்டுது. இந்த முறை வேலிக்கு இஞ்சால.

எனக்கு அந்தப் பதிவு வேணும். என்ர வாய் அண்டைக்கு என்ன சொன்னதெண்டு எனக்கு ஞாபகமில்லை. கண் இருட்டிப் போய்க் கிடந்தனான். மிஷினுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரிய வேண்டாமே? அதில நான் அவரைப் பற்றிச் சொன்னது இருக்கும். உண்மை அதிலதான் இருக்கும். அதை எனக்கு அனுப்பு.

பெரியம்மா


வெள்ளவத்தை
21.09.2025

பெரியம்மா,

பிந்தினதுக்குக் காரணம் இருக்கு.

உங்களுக்கு அனுப்ப முதல் அதை நான் திருப்பிக் கேட்டன். செத்த வீட்டுக்குப் பிறகு முழுக்கக் கேட்டது இதுதான் முதல் தரம். அண்டைக்கு மிஷினுக்குக் குடுத்தபோது கூட நான் கேட்கேல்லை, அப்பிடியே தூக்கிக் குடுத்தனான். அதில ஒரு இடம் இருக்கு. நான் சொல்லமாட்டன். நீங்களே கேளுங்கோ.

இடையில வாகீசன் அண்ணை கூப்பிட்டவர். எழுத்து மட்டும் காணாதாம், குரல் வேணுமாம். "கனடாவில மண்டபத்தில பிரேதத்தை வைச்சிட்டு எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிக்கினம் கஜானி. அழத் தெரிஞ்ச ஒருத்தரும் இல்லை. உம்மட பெரியம்மாவின்ர குரலை வைச்சு ஒண்டு செய்வம். பேரைப் போட்டால் அந்தப் பேருக்கு அழும். அவவின்ர பேரையும் போடுவம், மரியாதையாச் செய்வம்" எண்டார். அவர் கெட்ட மனுசன் இல்லை. தன்ர தாய் செத்தபோது வீசா இல்லாமல் ஒரு நாட்டில மாட்டுப்பட்டு நிண்டவர். அழுகையை ஃபோனில கேட்டவர். அதாலதான் இப்பிடி ஒரு தொழிலே தொடங்கினதாம்.

நான் யோசிக்கிறன் எண்டு சொன்னன். அண்டைக்குப் பின்னேரம் கடற்கரையில இருந்து யோசிச்சன். ஆரோ முன்பின் தெரியாத ஒருத்தரின்ர பிரேதத்துக்கு முன்னால நீங்கள் அழுறீங்கள். அடுத்த நாள் வேற ஒருத்தருக்கு. உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கிணத்தடியில நிக்கிறீங்கள்.

அடுத்த நாள் போய்ப் பதிவு அழிஞ்சு போச்சு எண்டு சொல்லிட்டன். அவர் நம்பேல்லை. உங்கட புலம்பலையும் எடுத்துவிடச் சொல்லிக் கேட்டன். எடுக்கிறம் எண்டவை. எடுத்தவையோ தெரியாது. இப்ப ஒருத்தரும் என்னோட கதைக்கினமில்லை. மேசையை வாசலுக்குக் கிட்ட மாத்தி விட்டிருக்கினம்.

பதிவை ஒரு சின்னப் பெட்டியில போட்டு, கொழும்புக்கு வந்த மேரிஜோசப்பின் ரீச்சரிட்டக் குடுத்து விடுறன். சிவப்புப் பொத்தானை அமத்தினால் கதைக்கும். என்ர ஃபோனில இருந்ததை அழிச்சிட்டன். இனி உங்களிட்ட மட்டும்தான்.

தனிய இருக்கேக்க கேட்க வேண்டாம். ரீச்சரை வைச்சுக்கொண்டு கேளுங்கோ.

கஜானி


நெடுந்தீவு கிழக்கு
10.10.2025

மகள் கஜானி,

தனியத்தான் கேட்டன். ரீச்சர் நிக்கிறன் எண்டவ, நான்தான் அனுப்பிவிட்டன்.

மாட்டுக் கொட்டிலுக்குள்ள போயிருந்து பொத்தானை அமத்தினன். என்ர குரல் எண்டு எனக்கே தெரியேல்லை. கிறீச்சிட்டுக்கொண்டு கிடக்குது. செவலைப் பசு பயந்து கட்டையை இழுத்துக்கொண்டு வெளியால பாய்ஞ்சிட்டுது. அதைத் திரத்திப் பிடிச்சுக் கட்டிப்போட்டு வந்து மிச்சத்தைக் கேட்டன். இதைப் போய் அழகெண்டு ஒருத்தர் மூக்குக் கண்ணாடியைக் கழட்டினாராம்.

நீ சொன்ன இடம் வந்தது.

"பேர் சொல்லி ஒருக்காக் கூப்பிடுங்கோவன். ஒருக்காலும் கூப்பிடேல்லையே. இந்த ஒரே ஒருக்கா என்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டிட்டுப் போங்கோவன்."

பொத்தானைத் திருப்பியும் அமத்திப் பார்த்தன். இதை நானே கேட்டனான், பிள்ளை? எனக்கு அப்பிடி ஒரு ஆசை இருந்ததே எனக்குத் தெரியாது. இத்தினை வருசமும் அவர் கூப்பிட்ட மாதிரியே எனக்குக் காணும் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான். உள்ளுக்கு ஒருத்தி இருந்திருக்கிறாள், அவள் காத்துக்கொண்டு இருந்திருக்கிறாள், அவர் கண்ணை மூடின பிறகுதான் வாயைத் திறந்திருக்கிறாள்.

மிஷின் பொய் சொல்லுது எண்டு நான் பேசினன். அது என்ர வாயில இருந்துதான் எடுத்திருக்கு.

எண்டாலும் யோசிச்சுப் பார். கேட்டது வேற, நடந்தது வேற. அழுகிறவள் ஆயிரம் கேட்பாள். எழும்பி வாங்கோ எண்டும் கேட்டிருக்கிறன், அதுவும் அதில கிடக்குது. அவர் எழும்பி வந்தவரே? கேட்டதெல்லாம் கிடைச்சதெண்டு எழுதினால் அது புலம்பல் இல்லை. கிடைச்சவள் ஏன் அழுகிறாள்?

உன்னில எனக்கு மிச்சமிருக்கிற கோவம் ஒண்டுதான். அந்த இரண்டு நாளும் நீ தாளை வைச்சுக்கொண்டு இருந்த அறைக்குப் பக்கத்து அறையில நான் கிடந்தனான். வெள்ளைச் சீலையோட சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடந்தனான். "பெரியம்மா, என்ன எழுத?" எண்டு ஒருக்கா வந்து கேட்டிருக்கலாம். எனக்கு எழுதத் தெரியாது எண்டு நினைச்சாயோ, கேட்டால் அழுவன் எண்டு பயந்தாயோ. இரண்டு பேருக்கும் நடுவில ஒரு சுவர்தான். நீ சுவரைச் சுத்தி வராமல் மிஷினிட்டப் போனாய்.

நீ பதிவைக் குடுக்காமல் விட்டதை நான் கண்டுகொள்ளாமல் விட்டனெண்டு நினையாதை. அது உனக்கு லேசில்லை எண்டு தெரியும்.

பெட்டியை என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. அலுமாரிக்குள்ள அவற்ற சேட்டுகளுக்கு அடியில வைச்சிருக்கிறன்.

பெரியம்மா


கொக்குவில்
16.12.2025

பெரியம்மா,

விலாசத்தைப் பார்த்திருப்பீங்கள். அம்மாவோட வந்து நிக்கிறன். நவம்பர் முடிய வேலையை விட்டிட்டன். அவையும் நிறுத்தத்தான் இருந்தவை, நான் ஒரு கிழமை முந்திக்கொண்டன். காத்தும் மழையும் எண்டு வள்ளம் ஓடாமல் கிடந்ததால முந்தி எழுதேல்லை.

திரும்பவும் மனுப் போடத் தொடங்கிட்டன். இந்த முறை நானே எழுதுறன். பிழை பிழையாத்தான் வருது. காரைநகரில ஒரு வாசிகசாலைக்கு ஆள் கேட்டிருக்கினம். அதுக்கு எழுதின கடிதத்தில "எனக்குத் தெரிஞ்சது கொஞ்சம்தான், பழகுவன்" எண்டு போட்டன். நிலாந்தி வாசிச்சிட்டு "உனக்கு விசரே, இப்பிடி எழுதினால் ஆர் எடுப்பினம்?" எண்டாள். இன்னும் பதில் வரேல்லை.

உங்களிட்ட ஒண்டு கேட்க வேணும். தையில பெரியப்பாவின்ர ஆண்டுத் திவசம். ஒரே ஒரு பக்கம் எழுதலாமெண்டு நினைக்கிறன். மிஷின் இல்லை, அச்சும் இல்லை. என்ர கையால எழுதி, வாற ஆக்களுக்குக் குடுப்பம். அந்தப் பொய் வரிக்குப் பதிலா உண்மை இருக்க வேணும். மற்றவை மாதிரி ஊகிச்சு எழுதாமல் சுவரைச் சுத்தி வந்து கேட்கிறன்.

பெரியப்பா உங்களை எப்பிடிக் கூப்பிடுறவர்?

கஜானி


நெடுந்தீவு கிழக்கு
03.01.2026

மகள் கஜானி,

இந்தத் தாளின்ர அடிப்பக்கம் கிழிஞ்சு கிடக்குதெண்டு யோசிக்காதை. நான்தான் கிழிச்சனான்.

நீ கேட்டது நல்ல மனசோட கேட்டது. அதால சொல்லத்தான் இருந்தன். அந்தச் சொல்லை இந்தத் தாளிலேயே எழுதினன். எழுதி முடிச்சிட்டு, சரியோ எண்டு பார்க்க ஒருக்காப் பலமா வாசிச்சன்.

அவர் அதில இல்லை, பிள்ளை. வெறும் சொல்லாக் கிடந்தது. அவர் கூப்பிடுறது வாயால மட்டும் இல்லையே. பவுசர் சத்தம் அடங்கி, படலை திறந்து, செருப்பை உதறிப்போட்டு, அதுக்குப் பிறகுதான் அது வரும். அதையெல்லாம் நான் எங்க எழுத? அந்தத் துண்டைக் கிழிச்சு அடுப்பில போட்டன். ஆற்றயும் கையில கிடைச்சால் அது இன்னொருத்தியைக் கூப்பிடும் எண்டும் ஒரு பயம்.

அதால அந்த ஒரு பக்கமும் வேண்டாம். ஐயர் வந்து பேரையும் கோத்திரத்தையும் சொல்லிச் செய்யட்டும். வாற ஆக்களுக்குச் சாப்பாடு குடுப்பம். அது காணும்.

ஒண்டு சொல்ல வேணும். நேற்று மத்தியானமும் கிணத்தடியில நிண்டனான். வெயிலில வேலிக்கல்லு எல்லாம் வெள்ளையாக் கிடந்தது. கூப்பிட்டுது. "ரஞ்சிதம்" எண்டு, முதுகுக்குப் பின்னால, இவ்வளவு கிட்ட ஒருநாளும் வந்ததில்லை. இத்தினை மாதமும் வாய் திறக்காமல் இருந்தவள் நான். நேற்று ஏனோ களைச்சுப் போனன். நான் கேட்டதுதானே, வந்து கூப்பிடுது, அதுக்கும் பாவம்தானே எண்டு நினைச்சன்.

"ஓம்" எண்டன். திரும்பிப் பார்த்தன். மாடுதான் நிண்டது.

பிறகு அது கூப்பிடேல்லை. இண்டைக்கும் போய் நிண்டு பார்த்தன், இல்லை. சரி, போயிட்டுது எண்டு ஆறுதலா உள்ளுக்கு வந்து கண்ணை மூடினன், அவற்ற உண்மைக் குரலைத் தேடுவம் எண்டு. அதுவும் வரேல்லை. இரண்டும் போயிட்டுது. வீடு முழுக்கக் காத்து மட்டும்தான் இரையுது.

நீ திவசத்துக்கு வா. ஒரு நாள் முந்தியே வா. காலமை வள்ளத்தில ஏறு, பின்னேரம் கடல் நல்லா இல்லை. வந்து படலையைத் திறந்துகொண்டு சும்மா உள்ளுக்கு வராதை. வெளியில நிண்டு பெரியம்மா எண்டு கூப்பிடு. பலமாக் கூப்பிடு. நான் பின்னுக்கு நிண்டாலும் கேட்க வேணும்.

பெரியம்மா